பந்தும் படிப்பும்



சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். தெலுக் பங்லிமா காராங்கில் என் அக்காள் வீட்டு அடுப்படியில் நானும் அக்காளும் இடியப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தோம். திடீரென்று உள்ளறையிலிருந்து, "ஓடு! ஓடு! ஐயோ, போச்சு!" என்று ஓர் அலறல். என்னமோ ஏதோ என்று மாவுக் கையோடு ஓடினேன். அங்கே என் அக்காள் மகன் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, கைத்தொலைபேசியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"அவுட் சின்னம்மா!" என்றான், வீட்டில் யாரோ போய்விட்டதைப் போல.

அது பேஸ்பால் ஆட்டமாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கோடைக் காலத்தில் நமக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிடைக்கிறது. நாம் பசியாறும் நேரத்தில் அவர்கள் விளக்கு வெளிச்சத்தில் விளையாடுகிறார்கள். அதை இவன் தெலுக்கில் உட்கார்ந்து பார்த்து அலறுகிறான்!

இவன் யார் என்று சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே முதுகலை ஆய்வு செய்கிறவன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிட்டவள். அக்காள் இன்னமும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். ஆக, இவன் மேல் எங்கள் இருவருக்கும் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவன் ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? தோட்டத்தில் இருக்கும் எல்லாரும் பார்த்த ஒன்றைப் பற்றித்தான். நன்றாக நிற்கும் செம்பனை மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும். மட்டைகள் தொங்கிப் போகும். பிறகு ஒருநாள் மழையிலோ காற்றிலோ மரம் சாய்ந்துவிடும். அந்தக் காளானுக்குக் கானோடெர்மா என்று பெயர். அது பிடித்த மரத்தை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. அப்படிப்பட்ட நோயைப் பற்றி ஆராய்கிறவன், வீட்டுக்கு வந்தால் பேசுவது மூன்றே விஷயம்தான். பேஸ்பால் ஒன்று. தான் விளையாடும் மென்பந்து ஒன்று. தங்கள் கல்லூரிக்கும் அடுத்த கல்லூரிக்கும் உள்ள போட்டி ஒன்று.

அங்கே மாணவர் தங்கும் விடுதிகளைக் கல்லூரி என்றே சொல்கிறார்கள். அதற்கெல்லாம் அழகான பெயர்கள் உண்டு. ஆனாலும் மூன்றாம் கல்லூரி, ஐந்தாம் கல்லூரி என்று எண் வைத்தே அழைக்கிறார்கள். "நீ எந்தக் கல்லூரி?" என்பதுதான் முதல் கேள்வியாம். எந்தக் கல்லூரிக் கடையில் சோறு நன்றாக இருக்கும், எந்தக் கல்லூரிக்காரர்கள் ஆட்டத்தில் கத்துவார்கள், யார் நாடகத்தில் கெட்டிக்காரர்கள் என்று ஓயாத வழக்கு. வெளியே போனால் அத்தனை பேரும் ஒன்றாகிவிடுவார்கள். அப்போது போட்டி பாங்கியில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்தோடும், செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகத்தோடும்! நம் தோட்டங்களில் மேற்பிரிவு லயமும் கீழ்ப்பிரிவு லயமும் காற்பந்தில் அடித்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்தோடு மோதும்போது மட்டும் ஒரே அணியாக நிற்பதில்லையா? அதே கதைதான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அக்காள் என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப்போய், "பாரு தங்கச்சி, இவன் படிக்கப் போறானா, பந்தடிக்கப் போறானா? ரெண்டு வருஷத்துல முடியும்னான். முடியற வழியக் காணோம். எனக்கு முட்டி வலி தாங்கல. நீ படிச்சவ, நீ சொன்னாக் கேப்பான்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நான் சொன்னேன். ஆசிரியை அல்லவா, எனக்குச் சொல்லத் தெரியும்! முழங்கால் வலியோடு பழம் பொறுக்கும் தாயைப் பற்றிச் சொன்னேன். கடன் வாங்கிப் படித்ததைச் சொன்னேன். "இருபத்தைந்து வயதில் என்னடா விளையாட்டு? முடிக்கிற வழியைப் பார்" என்றேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தட்டில் இருந்த இடியப்பத்தை முடித்துவிட்டு, அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதன் பிறகு இரண்டு மாதம் அவன் வீட்டுக்கு வரவில்லை.

தொலைபேசியில் கேட்டால், "வேலை இருக்கும்மா" என்பான். அவ்வளவுதான். என் புத்திமதி வேலை செய்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அக்காளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "குரல் சரியில்ல தங்கச்சி. போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலிச் சம்பலும் முறுக்கும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். தெலுக்கிலிருந்து பஸ்ஸில் கிள்ளான், கிள்ளானில் ரயில், அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கி வேறு ரயில் மாறிப் பல்கலைக்கழக நிலையம். வருவதாகச் சொன்னபோது, "இன்னிக்கு ஆட்டம் இருக்கு, அங்கேயே வந்துடுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நம் பேச்சு காற்றில் போயிற்றே!

பாந்தாய்ப் பள்ளத்தாக்கில் விரிந்து கிடக்கும் அந்த வளாகத்தை அக்காள் அன்றுதான் நிதானமாகப் பார்த்தாள். பட்டமளிப்பு நாளில் வந்தபோது கூட்டமும் வெயிலும்தான் நினைவில் நின்றன. நடந்துகொண்டே நான் அவளுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். உங்களில் இளையவர்களுக்கும் அது பயன்படலாம்.

இந்தப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. 1959-இல் கோலாலம்பூரில் அதன் ஒரு பிரிவு அமைந்தது. 1962-இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சிங்கப்பூரில் இருந்தபோதே, 1956-இல், இந்திய இயல் துறை தொடங்கப்பட்டது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும், தமிழ் நூல்கள் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதி திரட்டினார். பெரிய முதலாளிகள் மட்டுமா கொடுத்தார்கள்? கூலி வேலை செய்தவர்களும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். அந்தத் துறைக்குப் பின்னாளில் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

"நம்ம சனங்க காசும் இதுல இருக்குன்னு சொல்லு" என்றாள் அக்காள். அதன் பிறகு அவள் நடையே மாறிவிட்டது. விருந்தாளி நடை போய், சொந்த வீட்டுக்கு வந்த நடையாயிற்று.

திடலில் ஒரே ஆரவாரம். ஒரு பக்கம் கொம்பாங் மேளம். இன்னொரு பக்கம் தகரத்தைத் தட்டும் சத்தம். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், சபா, சரவாக் பிள்ளைகள், நம் பிள்ளைகள் என எல்லாரும் ஒரே நிறச் சட்டையில் எதிர்க் கல்லூரியைக் கேலி செய்து பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையன் சட்டையின் முதுகில் 42 என்று எழுதியிருந்தது.

மென்பந்து என்பது பேஸ்பாலின் தம்பி. பந்து சற்றுப் பெரியது. கையைக் கீழாக வீசி எறிகிறார்கள். அவன் மட்டையோடு வந்து நின்றான். மூன்று முறை வீசினான், மூன்றும் காற்றில்! தலையைக் குனிந்தபடி திரும்பினான். அடுத்த முறை ஓங்கி அடித்தான். பந்து நேரே எதிராளியின் கையில் போய் விழுந்தது. மூன்றாம் முறை பந்து தரையோடு உருண்டு இடைவெளியில் ஓட, இவன் விழுந்தடித்து முதல் கட்டத்தை எட்டிவிட்டான். அக்காளுக்குச் சட்டமும் தெரியாது, திட்டமும் தெரியாது. எழுந்து நின்று கை தட்டினாள். பக்கத்திலிருந்த மலாய்ப் பெண், "உங்கள் மகனா மக்சிக்?" என்று மலாயில் கேட்டு, தன் தகர டப்பாவை அவளிடம் கொடுத்தாள். அக்காளும் தட்டினாள்! எங்கள் அணி தோற்றுத்தான் போனது. ஆனால் அக்காளை அவ்வளவு மலர்ச்சியாக நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆட்டம் முடிந்து, தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். சம்பலை வாயில் வைத்ததும் அவன் கண்ணில் நீர். காரம் என்று நினைத்தேன். காரம் இல்லை.

"அம்மா, எட்டு மாச வேலை போச்சு" என்றான்.

ஆய்வுக்கூடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் அந்தக் காளானை வளர்ப்பார்களாம். வேறு எந்தப் பூஞ்சையும் உள்ளே புகக் கூடாது. களைத்திருந்த ஓர் இரவில் இவன் செய்த கவனக்குறைவு. பச்சை நிறப் பூஞ்சை புகுந்து, ஒன்றிலிருந்து ஒன்று பரவி, வளர்த்தது அத்தனையும் பாழ். எப்போது நடந்தது என்று கேட்டேன். அவன் சொன்ன தேதியைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் அவனை நிற்க வைத்துப் புத்திமதி சொன்னேனே, அதற்கு மூன்று நாள் முன்பு!

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா?"

"எப்படிச் சின்னம்மா சொல்றது? நீங்க ரெண்டு பேரும் என்கிட்டக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எப்ப முடிப்பேன்னு. முடியலங்கறத அதுக்குப் பதிலா எப்படிச் சொல்றது?"

வாசகர்களே, இருபது ஆண்டுக்கு மேலாக நான் வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவள். ஒரு பிள்ளை என்னை அப்படி வாயடைக்க வைத்தது அன்றுதான்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று கடிதமே எழுதி வைத்திருந்தானாம். அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவனை, அவன் அணியில் இருக்கும் சபாக்காரப் பையன்தான் தினம் மாலையில் கதவைத் தட்டித் திடலுக்கு இழுத்துப் போயிருக்கிறான். "ஒன்பது பேர் வேண்டும், எட்டுப் பேர்தான் இருக்கிறோம்" என்று அவன் சொல்வானாம். ஆராய்ச்சியில் தேவைப்படாதவன் என்று நினைத்துக்கொண்டவனை, திடலில் ஒன்பதாவது ஆளாகத் தேடியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் அவனை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. கடிதத்தை அவன் கொடுக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சொன்னான். பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து, மூன்று முறை நன்றாக அடித்தாலே சிறந்த ஆட்டக்காரர் என்று மதிக்கிறார்களாம். மீதி ஏழு முறை தலையைக் குனிந்து திரும்ப வேண்டியதுதான். அதற்கு யாரும் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. இன்னொன்றும் சொன்னான். ஆட்டப் பலகையில் எடுத்த ஓட்டத்தை எழுதுவார்கள், நல்ல அடியை எழுதுவார்கள், அதே வரிசையில் செய்த பிழையையும் எழுதுவார்கள். எல்லாரும் பார்க்கும்படிதான் எழுதுவார்கள். ஆனால் ஆட்டம் நிற்காது.

சிவப்பு மையோடு திரிகிறவள் நான். பிழையைச் சுழிக்கத்தான் எனக்குத் தெரியும். சுழித்த பிறகு ஆட்டம் தொடர வேண்டும் என்று நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்?

சட்டையில் ஏன் 42 என்று கேட்டேன். ஜேக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரின் எண்ணாம் அது. 1919-இல் ஜார்ஜியா மாநிலத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். மறு ஆண்டே தாய் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்து, பிறர் வீட்டு வேலை செய்து வளர்த்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபின்சன் நான்கு விளையாட்டுகளில் பெயர் வாங்கினார்; ஆனால் பட்டம் பெறாமலே 1941-இல் வெளியேறினார். கறுப்பர்களை அண்டவிடாத பெரிய பேஸ்பால் பந்தயங்களில், 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் அணிக்காக இறங்கி, அந்தச் சுவரை உடைத்தார். 1997-இல் அவருடைய எண்ணை எல்லாப் பெரிய அணிகளும் மரியாதையாக ஒதுக்கி வைத்தன.

"நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளை சின்னம்மா" என்றான்.

எனக்கு உடனே நம் நாட்டு ஜெகதீசன் நினைவுக்கு வந்தார். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் அவர். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனையை 2017 வரை, 49 ஆண்டுகள், யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஓட்டம் அவர் படிப்பைக் கெடுக்கவில்லை. மருத்துவராகத்தான் வெளியே வந்தார். இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்கிறவள், சொந்த வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் மறந்துபோனேன்.

இதுவரை பேசாமல் முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்த அக்காள் அப்போது ஒன்று சொன்னாள். "ஏய்யா, அந்தக் காளான் நீ சொல்றாப்பல எங்கிருந்தோ வர்றதில்லய்யா. எங்க காட்டுல பழைய மரத்தோட அடிக்கட்டை எங்க கெடக்குதோ, அதுக்குப் பக்கத்துல நிக்கற மரம்தான் மொதல்ல சாயும். நான் எத்தன வருசமாப் பாக்கறேன்."

பையன் நிமிர்ந்தான். "அம்மா, அதைத்தான் எங்க புத்தகத்துலயும் எழுதியிருக்கு! மண்ணுக்குள்ள பழைய வேர், புது வேரைத் தொட்டுப் பரவுது" என்றான். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். எந்த வரிசை, எத்தனை மரம், மேட்டிலா பள்ளத்திலா என்று கேட்கக் கேட்க, அக்காள் விரல் மடக்கிச் சொன்னாள். படிக்காத தாய் சொல்ல, பட்டதாரி மகன் எழுதிக்கொண்டான். இருட்டும் வரை பேசினார்கள். அன்று "எப்போது முடிப்பாய்" என்ற கேள்வி எழவே இல்லை.

திரும்பும் ரயிலில் எங்கள் அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவும் செம்பனைக் காட்டில்தான் வேலை செய்தார். அந்தக் காலத்தில் மகரந்தத்தை வெள்ளைத் தூளோடு கலந்து, மரம் மரமாய்ப் போய்ப் பூவில் கையால் தூவ வேண்டும். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் அந்த வேலை. இந்த மரத்துக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் கேமரூனில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை, அங்கே பூக்களில் சின்ன வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்து வைத்திருந்தார். அவர் தூண்டுதலால் ஆராய்ச்சி நடந்தது. 1981-இல் அந்த வண்டு நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. கையால் தூவும் வேலை முடிந்தது, காய்ப்பும் கூடியது. பூவில் மொய்க்கும் பூச்சியை வேடிக்கை பார்த்தவரிடம், "உருப்படியாய் வேலையைப் பார்" என்று யாராவது அன்று புத்திமதி சொல்லியிருந்தால்? அதை நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

நான் விளையாட்டை மட்டும் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டே கதியென்று கிடந்து படிப்பைக் கோட்டை விட்டவர்களும் உண்டு. நம் வீட்டு நிலைமைக்குக் காலமும் காசும் வீணாகக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் வெளியூரில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் துணையாகாது. பந்தோ பாட்டோ, ஒரு கல்லூரிக் கொடியோ, "ஓர் ஆள் குறைகிறது, வா" என்று கதவைத் தட்டும் ஒரு நண்பனோ வேண்டும். நாம் பேரணையின் பக்கம் வீட்டு வேலையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, நம் பிள்ளையை அங்கே பிடித்து நிறுத்துவது அதுதான்.

அவன் இன்னும் முடிக்கவில்லை. மறுபடியும் முதல் தட்டிலிருந்து வளர்க்கிறான். பட்டம் வருமா, எப்போது வரும் என்று இன்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இப்போது மாதம் இரண்டு முறை தெலுக்குக்கு வருகிறான். கெட்ட செய்தியையும் சொல்கிறான்.

என் வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். கணக்கில் பிழை செய்த பிள்ளையின் நோட்டில் சுழித்ததோடு நிற்காமல், அதன் கீழே "மறுபடி அடி" என்று எழுதுகிறேன். முதலில் பிள்ளைகள் தங்களை அடிக்கச் சொல்வதாக நினைத்துப் பயந்தார்கள்! விளக்கிய பிறகு சிரித்தார்கள். இப்போது ஒருவன், "டீச்சர், இது எனக்கு மூணாவது அடி" என்று நோட்டை நீட்டுகிறான்.

உங்கள் வீட்டிலும் வெளியூரில் படிக்கும் பிள்ளை இருக்கலாம். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, எப்போது முடிப்பாய் என்று கேட்பதற்கு முன், "இன்னிக்கு என்ன விளையாடினே? யார் ஜெயிச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

போன சனிக்கிழமையும் நான் அக்காள் வீட்டில் இருந்தேன். காலை ஏழு மணி. உள்ளறையிலிருந்து அதே அலறல். நான் எழுந்திருக்கவில்லை. அக்காள்தான் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்:

"என்னய்யா, அவுட்டா?"